சாமி நிற்காத வீடு

நான் வாங்கிய வீட்டுக்கு ஊரில் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. விற்றவர் அதை மட்டும் பத்திரத்தில் எழுதாமல் விட்டுவிட்டார்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் என்று நினைக்கிறேன். அப்போது சங்கரன்கோவில் முன்சீபு கோர்ட்டில் நான் வக்கீலாக இருந்தேன். இருந்தேன் என்பதுதான் சரி. தொழில் நடத்தினேன் என்று எழுதினால் எதிர்க்கட்சி வக்கீல் ஆட்சேபிப்பார். கேஸ் குறைவு, புத்தகம் அதிகம். வாடகை வீட்டில் எங்கள் இருவருக்கும் புத்தகங்களுக்குமாக இடம் போதாமல், யார் வெளியேறுவது என்று என் மனைவி அடிக்கடி கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சமயத்தில்தான் ரத வீதியிலிருந்து பிரியும் ஒரு தெருவில், காரை உதிர்ந்தாலும் சுவர் உதிராத பழைய வீடு ஒன்று, என்னைப் போன்றவனும் வாங்கக்கூடிய விலைக்கு வந்தது. ஏன் இவ்வளவு மலிவு என்று நான் கேட்கவில்லை. கேள்வி கேட்பது என் தொழில். தொழிலைக் கோர்ட்டோடு விட்டுவிட்டு வருவது என் வழக்கம்.

காரணம் ஆவணியில் தெரிந்தது.

தெருக்கோடியில் ஒரு பிள்ளையார் கோயில் உண்டு. கோயில் என்றால் ஓர் அறை, ஒரு மணி, ஒரு பூவரசு. சதுர்த்தியன்று சாயங்காலம் பிள்ளையார் சப்பரத்தில் ஏறித் தெருவைச் சுற்றி வருவார். ஒவ்வொரு வாசலிலும் சப்பரம் நிற்கும். தூக்குகிறவர்கள் தண்டுக்கு அடியில் கவைக்கம்புகளை ஊன்றிப் பாரத்தை அவற்றின்மேல் இறக்கித் தோளைத் தேய்த்துக்கொள்வார்கள். வீட்டுக்காரி தட்டை நீட்டுவாள். பூசாரி தேங்காய் உடைத்துச் சூடம் காட்டித் திருநீறு தருவார். பிறகு அடுத்த வீடு.

என் மனைவி கோலம் போட்டு, புதுச்சேலை உடுத்தி, தட்டோடு வாசலில் நின்றாள். நான் பின்னால், சாமி கும்பிடத் தெரிந்தவன் மாதிரி நின்றேன். சப்பரம் எதிர்வீட்டு வாசலை விட்டுக் கிளம்பியது. எங்கள் வீட்டருகே வந்ததும் நாகசுரம் நின்றது. மேளம் நின்றது. சப்பரம் மட்டும் நிற்கவில்லை. சாவு வீட்டைக் கடக்கிற மாதிரி எல்லோரும் சத்தமில்லாமல் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். பக்கத்து வீட்டில் நாகசுரம் மறுபடி பிடித்துக்கொண்டது.

தட்டில் அவள் ஏற்றி வைத்த சூடம் தானாக எரிந்து அணைந்தது.

"ஏங்க, நம்மள பாக்கலையோ?" என்றாள்.

"அவருக்கு ஆனைக் கண்ணு. சின்னது" என்றேன்.

என் நகைச்சுவைக்கு நேரங்காலம் தெரியாது என்று அவள் பிற்பாடு எத்தனையோ தடவை சொன்னதுண்டு. அன்று தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

விளக்கம் எதிர்வீட்டிலிருந்து வந்தது. அங்கே இருந்தவர் வத்தல் வியாபாரி. திருவேங்கடம் பக்கத்துக் கரிசலில் விளைகிற மிளகாயெல்லாம் கடைசியில் அவர் வீட்டில்தான் தும்மலாக வந்து சேரும். மூட்டை அடுக்கக் கிட்டங்கி என்கிற சரக்கறை இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

"வக்கீலய்யா, ஒங்களுக்கு யாரும் சொல்லலையா? இது சாமி நிக்காத வீடுல்லா!" என்றார், பிள்ளை பிறந்த செய்தி சொல்கிற முகத்தோடு. "படிச்சவுக, விசாரிச்சுத்தான் வாங்கிருப்பியன்னு நெனச்சேன். போகட்டும். மனசு ஒப்பலேன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. வத்தலுக்குச் சாமி நின்னா என்ன, நிக்கலேன்னா என்ன?"

சாமி நிற்காததோடு போயிருந்தால் நான் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மனிதர்களும் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை மஞ்சள் குங்குமத்துக்கு என் மனைவி கூப்பிட்டால் ஒவ்வொருத்திக்கும் அன்றைக்கென்று தலைவலி வரும். காய்கறிக்காரி கூடையைப் பக்கத்து வீட்டில் இறக்கிவைத்துவிட்டு அங்கிருந்தபடியே, "யம்மா, வெண்டைக்கா வேணுமா?" என்று கூவுவாள். அடுத்த ஆவணியிலும் அதே கதை. சூடம், மௌனம், குனிந்த தலைகள்.

அதற்கடுத்த வருஷம் ஆடித் தபசு வந்தது. தபசு என்றால் ஊரில் வீடு வீடாக உறவுக்காரர்கள் நெல்மூட்டை மாதிரி அடுக்கிக் கிடப்பார்கள். கரிவலத்திலிருந்து என் மைத்துனர் குடும்பம் வந்தது. வந்து, எங்களைப் பார்த்து, நலம் விசாரித்து, காப்பி குடித்துவிட்டுச் சத்திரத்தில் போய்த் தங்கியது.

அவர்கள் போனதும் என் மனைவி காப்பித் தம்ளர்களைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "இந்தச் சதுர்த்திக்கும் சாமி நிக்கலேன்னா வீட்ட எதிர்வீட்டு அண்ணாச்சிக்கு வித்துப்போடுங்க. நீங்க புஸ்தகத்தத் தூக்கிட்டு எங்கன வேணும்னாலும் இருங்க. நான் கரிவலத்துக்குப் போறேன்."

அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் தம்ளரைத் துடைத்துக் கவிழ்த்தாள்.

எனக்கும் கடவுளுக்கும் அதிகப் பழக்கம் இல்லை. ஆனால் ஒருவர் யார் வீட்டுக்கும் வராமல் இருப்பது வேறு. எல்லார் வீட்டுக்கும் போய் நம் வீட்டை மட்டும் தாண்டிப் போவது வேறு. குற்றம் என்னவென்று சொல்லாமல் தண்டனை கொடுக்க எந்தக் கோர்ட்டுக்கும் அதிகாரம் கிடையாது. பிள்ளையாருக்கும் கிடையாது. அன்றைக்கு முடிவு செய்தேன்: வீட்டை விற்பதில்லை. அது என்ன செய்துவிட்டது என்று கண்டுபிடிப்பது. உண்மையிலேயே ஏதாவது செய்திருந்தால், அதற்காகவும் வாதாடுவது. அப்போது கைவசம் இருந்த ஒரே கேஸ் அதுதான் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

முதலில் பழைய பத்திரங்களைப் பார்த்தேன். அவை ஊரிலுள்ள எல்லாப் பத்திரங்களையும் போலவே இருந்தன. கிழக்கே தெரு, மேற்கே இன்னாருடைய மனை, இதற்குள்பட்ட நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் சகலமும். இந்த நாட்டில் ஒரு முழம் பொட்டலை விற்றாலும் அதிலுள்ள புதையலையும் கிணற்றையும் சேர்த்துத்தான் விற்பார்கள். அந்த வாசகத்தை நானே எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் புதையலும் இல்லை, கிணறும் இல்லை. தண்ணீருக்குத் தெருக்கோடிக்குத்தான் போக வேண்டும். பத்திரத்தைச் சுருட்டி வைத்துவிட்டுச் சாட்சிகளிடம் போனேன்.

வத்தல் வியாபாரியின் வாக்குமூலம்: அந்தக் காலத்தில் அந்த வீட்டுக்காரன் கோயில் வரி கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். முடிவெட்டும் கடைக்காரரின் வாக்குமூலம்: வீடு கட்டும்போது புற்றை இடித்துப் பாம்பைக் கொன்றார்கள். புற்றுமண்ணைப் பிரசாதமாக வாயில் போட்டுக்கொள்கிற ஊரில் இதற்குமேல் ஒரு குற்றம் கிடையாது. பூசாரி இரண்டையும் மறுத்தார்.

"அதெல்லாம் பொய். பிள்ளையாரோட வெள்ளிக் கண்ண அந்த வீட்டுக்காரரு களவாண்டுட்டாரு."

"இப்போது வெள்ளிக் கண் இருக்கிறதே?"

"இது புதுக் கண்ணுல்லா."

"யார் செய்து கொடுத்தது?"

பூசாரி மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "அந்த வீட்டுக்காரருதான்னு சொல்லுவாக."

"களவாண்டவரேவா?"

"மனசு மாறிருப்பாரு" என்றார். "ஏன், மாறக் கூடாதா?"

சப்பரம் தூக்குகிறவர்களுக்குத் தலைவர் ஒரு நெசவாளர். தோளில் தண்டு பதிந்து பதிந்து வாழைக்காய் அளவுக்குக் காய்த்துப்போனவர். தறிக்குழியில் உட்கார்ந்தபடியே பதில் சொன்னார்.

"எங்கப்பா நிக்கல. அதனால நான் நிக்கல."

"அப்பா ஏன் நிற்கவில்லை, அண்ணாச்சி?"

"கேட்டா அடிப்பாரு."

இதைவிட நேர்மையான சாட்சியை என் தொழிலில் நான் கண்டதில்லை.

கடைசியில் நாகசுரக்காரரிடம் போனேன். மேலநீலிதநல்லூரில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தலில் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டருகே ஏன் வாசிப்பை நிறுத்துகிறார் என்று கேட்டேன்.

"அங்கன வந்தா நிறுத்திரணும். நாயனத்துச் சீவாளிய வாயில வச்சு நனைச்சுக்கிடுவேன். எங்கப்பாவும் அங்கனதான் நனைப்பாரு."

"சாபம் என்பதாலா?"

"அதெல்லாம் எனக்கென்னய்யா தெரியும்? ஊதுன்னா ஊதுதேன், நிறுத்துன்னா நிறுத்துதேன்."

"வேறு எங்கேயாவது நிறுத்துவது உண்டா?"

"தெருமுக்குல ஓடைப் பாலம் இருக்குல்லா? அதுல நிறுத்துவேன். சப்பரம் தாண்டும்போது ஊதுனா தலைவரு ஏசுவாரு. கால எங்க வைக்கணும்னு அவரு சொல்லுதது தூக்குதவன் காதுல விழணும்லா?" என்று சொல்லிவிட்டுச் சுண்ணாம்பைத் தேடினார். நானும் சுண்ணாம்பை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறி வந்துவிட்டேன். கையில் வந்த பதிலைக் காலடியில் போட்டுவிட்டு வருவதில் எனக்குப் பழக்கம் உண்டு.

மறுநாள் காலை ஒரு கட்சிக்காரர் வந்தார். தெருப்பக்கத்து அறையில்தான் நான் கட்சிக்காரர்களைப் பார்ப்பது. அங்கே கிடக்கும் பெஞ்சு எப்போதும் ஒரு பக்கம் சாயும். அந்த இடத்தில் தரை மழைக்கு மழை அமுங்கும். பெஞ்சுக்காலுக்கு அடியில் நான் மடித்த காகிதம் செருகிவைப்பேன். வந்தவர் தம் வழக்கைச் சொல்லிக்கொண்டே மெதுவாகச் சரிந்து சுவரை நோக்கிப் போனார்.

"என்னய்யா, உள்ள இழுக்குது?" என்றார்.

இங்கே தரை அமுங்குகிறது. இந்தச் சுவருக்கு வெளியே, இதே இடத்துக்கு நேராகத்தான் நாகசுரம் நிற்கிறது. ஓடைப் பாலத்தில் நிற்பதைப் போல. தூக்குகிறவன் காலைப் பார்த்து வைக்க வேண்டிய இடத்தில் நிற்பதைப் போல.

அவருடைய வழக்கை இன்னொரு வக்கீலிடம் கொண்டுபோகச் சொல்லிவிட்டேன். அவர் அதில் ஜெயித்தார்.

இரவல் கடப்பாரையை நான் தூக்கிப் போட்ட விதத்தைப் பார்த்துவிட்டு என் மனைவி, "கொண்டாங்க இங்க" என்று வாங்கிக்கொண்டாள். தளத்தை உடைத்தது அவள். மண்ணை அள்ளியது நான். இடுப்பளவு ஆழத்தில் உடைந்த பானை, செங்கல் துண்டு, சாம்பல். பிறகு கல். அரைவட்டமாக வளைந்து சுவருக்கு அடியில் போய் நின்றது. அந்த இடத்தில் சுவர் தரையில் நிற்கவில்லை. ஒரு நீண்ட கல் உத்தரத்தின்மேல் நின்றது. மற்ற அரைவட்டம் சுவருக்கு அந்தப் பக்கம், தெருவுக்கு அடியில் இருந்தது.

கிணறு. பாதி வீட்டுக்குள், பாதி வெளியே.

விளிம்புக் கல்லைத் துடைத்துப் பார்த்தோம். கயிறு இழுத்து இழுத்து விரல் பதிகிற ஆழத்துக்குத் தடங்கள் விழுந்திருந்தன. வீட்டைக் கட்டியவன் யாரோ, தன் கிணற்றின் நடுவே சுவரை எழுப்பி, பாதியைத் தெருவுக்கு விட்டிருக்கிறான். வெளியே இருக்கிறவர்கள் வெளியிலிருந்தே இறைத்துக்கொள்ளட்டும், வாசலில் வந்து கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம் என்று. பின்னால் கிணறு வற்றியிருக்க வேண்டும். உள்பாதியைக் குப்பைமண் கொட்டித் தூர்த்து, வெளிப்பாதியைப் பலகைக்கல் போட்டு மூடியிருக்கிறார்கள். மூடிய கல்லின்மேல் கவைக்கம்பை ஊன்ற எவனுக்குத் துணிச்சல் வரும்? அங்கே ஊன்றாமல், நிற்காமல், தலைவரின் குரலைக் கேட்டபடி காலைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள். குனிந்த தலைக்கு அர்த்தம் அவ்வளவுதான். அதற்குப் பிறகு கல்லின்மேல் மண் ஏறிக் கிணறு மறந்துபோனது. நிற்காதது மட்டும் மறக்கவில்லை. நிற்காததற்கு ஒரு பாம்பையும் ஒரு திருடனையும் தயார் செய்துகொண்டார்கள்.

ஜலம் என்று பத்திரத்தில் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தது. எல்லாப் பத்திரத்திலும் எழுதியிருப்பதால் எந்த வக்கீலும் அதைப் படிப்பதில்லை.

"தண்ணி குடுத்த வீட்டயா இப்படிப் பேசினாக?" என்றாள் அவள். முகமெல்லாம் செம்மண். கடப்பாரையைக் கீழே வைக்கவில்லை.

தெருவே வந்து பார்த்தது. நான் கல்லையும் கயிற்றுத் தடத்தையும் காட்டிக் கோர்ட்டில் ஒருநாளும் பேசாத அளவுக்குப் பேசினேன். வத்தல் வியாபாரி எட்டிப் பார்த்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினார். "ச்சோ! மூடின கெணத்து மேல வீடா? ஆகவே ஆகாதே! அதான்வே சாமி நிக்கல!" கூட்டம் தலையாட்டியது. ஒரு நொடியில் என் தரப்புச் சாட்சி எதிர்த்தரப்புச் சாட்சியாகிவிட்டது.

சப்பரத் தலைவர் கடைசியாக வந்தார். குத்தவைத்து உட்கார்ந்து தடத்தில் விரலை விட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நம்ம ஆளுக எறைச்ச தடம்தான்" என்றார்.

"அப்படியானால் இந்த வருஷம் நிற்பீர்கள் அல்லவா, அண்ணாச்சி?"

"எப்படி நிக்க? முன்ன தெரியாம நிக்கல. இப்ப நீங்களே தோண்டிக் காட்டிட்டிய, அடியில பள்ளம்னு. பயலுவ தோளுல பிள்ளையாரு, மேல வெளக்கு. அமுங்குனா யாரு பதில் சொல்லுதது?"

சட்டம் படித்தவர்கள் தீர்ப்பை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. மறுநாளே ஆள் வைத்து உள்பாதியைக் கல்லும் சரளையும் போட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து நிரப்பினேன். பிறகு வாசலுக்குப் போய்த் தெருவைத் தோண்டினேன்.

"வக்கீலய்யா, தெருவத் தோண்ட யாரு உத்தரவு குடுத்தா?" என்று எதிர்வாசலிலிருந்து குரல் வந்தது.

"என் கிணற்றின் மறுபாதியைத் தேடுகிறேன் அண்ணாச்சி. கேஸ் போடுவதென்றால் போடுங்கள். எனக்கும் ஒரு கேஸ் கிடைத்த மாதிரி இருக்கும்."

பலகைக்கல் நடுவில் விரிசல் விட்டுக் கிடந்தது. அதை எடுத்துவிட்டு அடியிலிருந்து நிரப்பிக்கொண்டு வந்தோம். திமிசுச் சத்தத்தில் தெருவில் யாரும் மத்தியானம் தூங்கவில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை.

சதுர்த்தி வந்தது. என் மனைவி அன்றைக்குக் கோலத்தை வாசலோடு நிறுத்தாமல் நிரப்பிய இடம் முழுக்க இழுத்துவிட்டிருந்தாள். உள்ளே அவளுடைய தகரப் பெட்டி கட்டிவைத்தபடி இருந்தது. அதை நான் பார்த்தேன் என்பது அவளுக்குத் தெரியும். நான் என்னத்துக்கோ கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றேன்.

சப்பரம் எதிர்வீட்டை விட்டுக் கிளம்பியது. நாகசுரம் நின்றது. மேளம் நின்றது. "நடங்கலே, நடங்க" என்ற தலைவரின் குரல் மட்டும் கேட்டது. நான் ஒரு வாதம் தயார் செய்து வைத்திருந்தேன். அந்த அமைதியில் அதன் முதல் வரிகூட நினைவுக்கு வரவில்லை.

அவள் தட்டோடு படியிறங்கினாள். சப்பரம் வருகிற வழியில், கோலத்தின் நடுவே போய், கிணற்றின் மேல் நின்றாள்.

"அண்ணே, இங்கன நான் நிக்கேன். அமுங்குனா மொதல்ல நான்தான போறேன்?"

நாகசுரம் ஊதிக்கொண்டிருந்தால் அது யாருக்கும் கேட்டிருக்காது. அந்த வீட்டுக்கென்று அவர்கள் வைத்திருந்த மௌனத்தில் தெருக்கோடி வரை கேட்டது. சப்பரம் தயங்கியது.

"தள்ளும்மா தாயீ" என்றார் தலைவர்.

"தள்ள மாட்டேன்."

"நீ ஒருத்தி நின்னா அது ஒரு பாரமாம்மா?"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். தெருவே என்னைப் பார்த்தது. அந்தக் காலத்தில் நான் இப்போது இருப்பதைவிடக் கனம். நான் இறங்கிப் போய் அவள் பக்கத்தில் நின்று, கோட்டைப் பிடித்துக்கொண்டு, குதித்தேன்.

"ஏலே, வக்கீலுக்குச் சாமி வந்துட்டுலே!" என்று யாரோ கத்தினான். தெரு சிரித்தது. நான் நிறுத்தவில்லை. கண்ணாடி மூக்கிலிருந்து கழன்றது, பிடித்துக்கொண்டு குதித்தேன். பிளீடராகப் பதிவு செய்துகொண்ட ஒருவன் பொதுத்தெருவில் தவளை மாதிரி குதிக்கலாமா என்று யாராவது கேட்டிருந்தால், இன்னும் உயரமாகக் குதித்திருப்பேன். சப்பரம் தூக்கியவர்களுக்குச் சிரிப்பில் தோள் குலுங்கிப் பிள்ளையாரும் குலுங்கினார்.

தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. என் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும்வே" என்றார். பிறகு பின்னால் திரும்பி, "ஒரு கவைய ஊனு. மெதுவா" என்றார்.

ஊன்றினார்கள். அவரே போய் அதன்மேல் தம் உடம்பைச் சாய்த்துப் பார்த்தார். மண் தாங்கியது. அடுத்தது. அதற்கடுத்தது. தண்டு தோளிலிருந்து இறங்கியது.

பூசாரி தட்டை வாங்கலாமா வேண்டாமா என்று கூட்டத்தைப் பார்த்தார்.

"தேங்காய ஒடைங்க. ஒங்க சாமிக்குக் கண்ணு வாங்கிக் குடுத்த வீடுதான?" என்றாள் என் மனைவி.

உடைத்தார். நாகசுரக்காரர் சீவாளியை வாயில் வைத்தபடி, இப்போது ஊத வேண்டுமா கூடாதா என்று திகைத்து நின்றார். தலைவர் ஒரு முறை முறைத்ததும் மூச்சு முட்ட ஊதினார். என் காது இரண்டு நாள் அடைத்திருந்தது.

பெஞ்சு அதன் பிறகு ஆடவில்லை. கட்சிக்காரர்கள் நேராக உட்கார்ந்தார்கள். கேஸ்கள் பழையபடி ஒரு பக்கமாகவே சாய்ந்துகொண்டிருந்தன. கயிற்றுத் தடம் விழுந்த கல்லை வாசற்படியாகப் போட்டேன். உள்ளே வருகிறவன் எவனும் அதை மிதித்துத்தான் வர வேண்டும். சப்பரம் வருஷா வருஷம் நிற்கிறது. ஆனாலும் இன்றைக்கு நீங்கள் ஊரில் இறங்கி என் வீட்டுக்கு வழி கேட்டால், "எது, சாமி நிக்காத வீடா?" என்றுதான் கேட்பார்கள். கேட்கட்டும். நான் திருத்தப்போவதில்லை. நான் ஜெயித்த கேஸ் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வேறு பெயர் எதுவும் இல்லை.

வத்தல் வியாபாரி மறுநாள் காலையிலேயே வந்தார். புதுப் படியைப் பார்த்தார். காலைத் தூக்கி அதைத் தாண்டியே உள்ளே வந்தார்.

"எப்படியோ சாமி நின்னுட்டு. இனி வெலையும் கூடத்தான் கேப்பிய. பரவால்ல, ஒரு பேச்சுப் பேசி முடிச்சுருவோம். எனக்குக் கிட்டங்கிக்கு எடம் இல்லாம ஆகாது."

என் மனைவி தகரப் பெட்டியைத் திறந்து சேலைகளை எடுத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்:

"அண்ணாச்சி, நாங்களே ஒங்ககிட்ட கேக்கணும்னு இருந்தோம். ஒங்க வீட்டக் குடுக்கியளா? இவுக புஸ்தகம் போட எங்களுக்கு ஒரு கிட்டங்கி வேணும்."